270 சுவர்களில் ஒரே பாதை

டர்னர் பரிசு பெற்ற கலைஞர் ஒருவரின் படைப்பு லண்டன் ஈஸ்ட் ஹாம் ரயில் நிலையத்தில் இருக்கிறது. தினமும் அங்கே ஏறி இறங்கும் தமிழர்கள் ஏராளம். வெளியே வந்தால் தமிழ்ப் பெயர்ப் பலகை மாட்டிய கடைகள். ஆனாலும் அந்தப் படைப்பைப் பற்றிச் சொன்னால், "எந்தச் சுவரில்?" என்றுதான் பலர் கேட்பார்கள். லண்டன் சுரங்க ரயில் 150 ஆண்டுகளை நிறைவு செய்த 2013இல், நிலையத்துக்கு ஒன்றாக 270 நிலையங்களுக்கும் மார்க் வாலிங்கர் செய்து கொடுத்த 'லாபிரிந்த்' வரிசையில் அதுவும் ஒன்று.

வெள்ளைச் சதுரத்தில் கறுப்பு வட்டம், அதற்குள் சுற்றிச் சுற்றி மையத்துக்குப் போகும் பாதை. நுழைவாயிலில் சிவப்புப் பெருக்கல் குறி. பாதை கிளை பிரிவதில்லை. தொடர்ந்து போனால் மையத்தை அடைந்தே தீர வேண்டும், வந்த வழியே திரும்பவும் வேண்டும். வேலைக்குப் போய் வீடு திரும்புகிறவரின் நாளை இதைவிடச் சுருக்கமாக வரைந்துவிட முடியாது. கருத்தளவில் இது பெரிய படைப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் யாரும் பார்ப்பதில்லையே? பயணிகளின் அவசரத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். அதை ஏற்க முடியவில்லை. நிலையப் பெயர்ப் பலகைகளுக்குப் பயன்படும் அதே எனாமல் பூசிய உலோகத் தகட்டில்தான் வாலிங்கர் இதைச் செய்தார். சுரங்க ரயிலின் சின்னமான வட்டத்தையே எதிரொலிக்கும்படி வடிவமைத்தார். அந்தச் சூழலோடு அது அத்தனை இயல்பாக ஒட்டிக்கொண்டதால், இன்னொரு அறிவிப்புப் பலகை என்று கண் அதைத் தள்ளிவிடுகிறது. நாளெல்லாம் அறிவிப்புகளை ஒதுக்கப் பழகிய கண் அது.

வாரன் ஸ்ட்ரீட் நிலையத்தில் இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1960களின் இறுதியில் விக்டோரியா தடம் திறந்தபோது ஆலன் ஃப்ளெட்சர் அங்கே ஓடுகளில் ஒரு புதிர்ப்பாதை அமைத்தார். இது கிளை பிரிந்து ஏமாற்றும் வகை. நிலையப் பெயரில் உள்ள 'வாரன்' என்ற ஆங்கிலச் சொல் முயல் வளைகளையும் குறிக்கும்; அதிலிருந்தே எடுத்த கற்பனை. முக்கியமானது, அது நடைமேடை இருக்கைகளுக்கு மேலே இருக்கிறது. ரயிலுக்காக நிற்பவருக்கு நேரமும் உண்டு, பார்க்க ஏதாவது வேண்டும் என்ற தவிப்பும் உண்டு. காத்திருப்பவரை மனதில் வைத்து அமைத்த இடம் அது. வாலிங்கரின் தகடுகளோ பல நிலையங்களில் டிக்கெட் கூடத்திலும் நடைவழியிலும் இருக்கின்றன. அங்கே ஒருவர் நின்றால் பின்னால் வருபவர் முட்டிக்கொள்வார்.

சாரிங் கிராஸ் நிலையத்தில் நார்தர்ன் தடத்தின் நடைமேடை நெடுக டேவிட் ஜென்டில்மன் 1979இல் செய்த சுவரோவியத்தையும் சொல்ல வேண்டும். தன் மனைவி எலினாரின் நினைவாக முதலாம் எட்வர்ட் மன்னர் அங்கே எழுப்பிய சிலுவைத் தூணை, கல் வெட்டியவர்களும் சுமந்தவர்களும் கட்டிய கதை அது. மரச்செதுக்குப் படங்களைப் பெரிதாக்கிய கறுப்பு வெள்ளை. அதைக் கழற்றி வேறு நிலையத்தில் மாட்டினால் பொருளிழந்துவிடும். ஈஸ்ட் ஹாம் தகட்டையும் பக்கத்து நிலையமான அப்டன் பார்க் தகட்டையும் ஓர் இரவில் இடம் மாற்றிவிட்டால்? மூலையில் கையால் எழுதிய எண்தான் காட்டிக்கொடுக்கும். அந்த எண்ணும் ஊருக்கு உரியதல்ல. எல்லா நிலையங்களையும் மிகக் குறைந்த நேரத்தில் சுற்றிவந்து 2009இல் கின்னஸ் சாதனை படைத்தவர்களின் பயண வரிசை அது; செஷம் நிலையத்தில் தொடங்குகிறது. 270 வடிவமும் தனித்தனி என்பது உண்மைதான். தனித்தன்மை வேறு, உரிமை வேறு. அந்த ஊருக்கென்றே பிறந்தது என்று சொல்ல ஈஸ்ட் ஹாம் தகட்டில் எதுவும் இல்லை.

இவ்வளவு குறை கண்ட பிறகும் இதைத் தோல்வி என்று தள்ள மனம் ஒப்பவில்லை. தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர் அருகே இதேபோல் சுற்றிச் செல்லும் பாதையைத் தரையில் கற்களைப் பதித்து அமைத்த பழைய புதிர்நிலை ஒன்று உண்டு. ஏழு சுற்றுக் கோட்டை என்பார்கள். வேண்டுதலோடு அதற்குள் நடப்பார்கள். இத்தகைய வடிவம் பார்ப்பதற்கு மட்டும் உண்டானதல்ல, உடலால் கடப்பதற்கானது. வடிவத்தின் இந்தத் தன்மையை அறிந்தே வாலிங்கர் தன் தகடுகளைச் செய்திருக்கிறார். தகட்டின் பரப்பு விரலால் தடவிப் போகத் தக்கது. தொடுங்கள் என்றே அழைக்கிறது. அருங்காட்சியகத்தில் தொட்டால் காவலர் ஓடி வருவார். இங்கே ஒரு குழந்தை சிவப்புக் குறியில் விரல் வைத்து மையம்வரை போகலாம். தொட்டவருக்கு இது பலகையாக இருப்பதில்லை.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. பொதுக்கலைக்கான பணமும் புகழும் நகர மையத்திலேயே தங்கிவிடுவது வழக்கம். இங்கே நகர மையத்து ஆக்ஸ்ஃபர்ட் சர்க்கஸ் நிலையத்துக்குக் கிடைத்ததே ஈஸ்ட் ஹாமுக்கும் செஷமுக்கும் கிடைத்தது. அதே கலைஞர், அதே பொருள். புறநகர்க்காரர்களை இரண்டாம் தரமாக நடத்தாத படைப்பு இது.

ஆகவே என் தீர்ப்பு: முழுத் தொகுப்பாக 'லாபிரிந்த்' வெற்றி, தனித்தனி நிலையத்தின் கலையாக ஃப்ளெட்சருக்கும் ஜென்டில்மனுக்கும் ஒரு படி கீழே. கூடத்துத் தகடுகளை நடைமேடை இருக்கைகளுக்குப் பக்கத்தில், விரல் எட்டும் உயரத்தில் மாற்றி வைத்தால் அந்த இடைவெளியில் பெரும்பகுதி குறையும். அதற்குப் புதிதாக எதையும் வரைய வேண்டியதில்லை.