மடியில் அமரும் கம்பி
ரோலர் கோஸ்டரில் எல்லாரும் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது மடியில் வந்து அமரும் அந்தக் கம்பி. பழைய வண்டிகளில் அது 'டக் டக்'கென்று ஒவ்வொரு பல்லாகப் பிடித்து இறங்கும். ஹைட்ராலிக் கம்பியோ சத்தமில்லாமல் இறங்கி, விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். எனக்கென்னவோ அந்த 'டக்'தான் தெம்பு.

டெக்சஸ் ஆர்லிங்டனில் 2013-இல் நியூ டெக்சஸ் ஜயண்ட் என்ற ரோலர் கோஸ்டரிலிருந்து ஒரு பெண் விழுந்து இறந்தபின், அந்த வண்டியில் கம்பியின் மெத்தையை மாற்றியமைத்து, சீட் பெல்ட்டும் சேர்த்தார்கள். உடம்புகள் ஒரே அச்சில் வார்த்தவையா என்ன? வயிற்றில் முட்டி நின்றால் போதாது. தொடை இடுப்போடு சேரும் மடிப்பில் கம்பி பதிய வேண்டும். பணியாளர் பெல்ட்டை ஓர் இழு, கம்பியை ஓர் அமுக்கு என்று நகர்கிறார். வரிசை எவ்வளவு நீண்டாலும் ஒரு சீட்டையும் விடுவதில்லை.