ஒற்றும் கணிப்பொறியும்

அரசாங்க விசாரணைக் குழுக்களின் அறிக்கைகளை இலக்கியமாகப் படிப்பார் இலர். அலமாரியில் அடுக்குவதற்கென்றே அவை அச்சாகின்றன என்று கூறினும் பிழையன்று. இவ்வழக்கத்திற்கு விலக்காக நிற்பது, 2001 செப்டம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதல்களை ஆராய்ந்த குழு 2004 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை. தாமஸ் கீன் தலைவராகவும் லீ ஹாமில்டன் துணைத் தலைவராகவும் அமைய, இரு கட்சிகளிலிருந்தும் ஐவர் ஐவராகப் பதின்மர் கூடிச் செய்த நூல் அது. 25 இலட்சம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஆவணங்களும் 1,200 பேருக்கு மேற்பட்டோரின் வாய்மொழியும் அதன் அடித்தளம். அவ்வாண்டு அமெரிக்கத் தேசிய நூற்பரிசின் இறுதிப் பட்டியலில் அதுவும் ஒன்றாக இடம் பெற்றது. அப்பெருமை அதற்குத் தகும். முதல் இயல், ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையின் மேகமற்ற வானத்தில் தொடங்கி, ஆரவாரமில்லாமல் நடக்கிறது. பழி கூறும் சொற்கள் குறைவு. நடந்ததை நடந்தவாறு வரிசைப்படுத்துவதிலேயே துயரம் தானாகப் புலப்பட்டுவிடுகிறது.

அந்நூலின் குறை பதின்மூன்றாம் இயலில் இருக்கிறது. அதுவரை வரலாற்றாசிரியராகப் பேசியவர் அங்கே சீர்திருத்தக்காரராக மாறிவிடுகிறார். பனிப்போர்க் காலத்து உளவு இலாகாக்கள், ‘அறிய வேண்டியவன் மட்டும் அறிக’ என்னும் விதியால் கட்டுண்டு கிடந்தன. இனிப் ‘பகிர்தலே கடமை’ என்னும் விதி வேண்டும். அதற்கு இலாகாக்களின் தகவற் கிடங்குகளை இணைக்கும் நம்பகமான வலை ஒன்றைக் குடியரசுத் தலைவரே முன்னின்று அமைக்க வேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது. பரிந்துரை நல்லதே. ஆனால், புதியதோர் எண்ணத்தை அறிவிக்கும் குரலில் அது எழுதப்பட்டிருக்கிறது. படிப்பவர், அமெரிக்க ஒற்றர் இலாகாக்களின் கணிப்பொறிகள் 2004 வரையில் தனித்தனித் தீவுகளாகவே இருந்தன போலும் என்று எண்ணிக்கொள்வார். உண்மை அதுவன்று. அதே நோக்கத்துடன், ஏறத்தாழ அதே காரணங்களைக் காட்டி, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வலை பின்னப்பட்டது. அது எதில் வென்றது, எதில் தளர்ந்தது என்னும் கணக்கைப் பார்க்காமல் இரண்டாவது வலைக்குத் திட்டம் கூறுவது, முன்னைய உரைகளைப் பாராமல் உரை எழுதுவது போன்றதே.

அவ்வியலின் உவமையும் ஆராயத்தக்கது. ‘புள்ளிகளை இணைத்தல்’ என்பது 2001க்குப் பின் ஆங்கில நாளிதழ்களில் அடிபட்டுத் தேய்ந்த தொடர். அறிக்கையும் அதை எடுத்தாளுகிறது. வாசலிலே கோலமிடும் பெண்டிரைப் பார்த்தவர்களுக்கு இவ்வுவமையின் பிழை எளிதில் விளங்கும். கோலத்தில், புள்ளி வைக்கும் கையே கோடும் இழுக்கிறது. எத்தனை வரிசை, எந்த வடிவம் என்பது புள்ளி வைக்குமுன்பே அவள் மனத்தில் இருக்கிறது. ஒற்றர் தொழிலிலோ புள்ளி வைத்தவர் ஒருவர், கோடிழுப்பவர் மற்றொருவர். வடிவம் இன்னதென்று எவருக்கும் தெரியாது. பயனற்ற புள்ளிகளோ பல்லாயிரம். இந்த வேறுபாட்டை ரோபர்ட்டா வோல்ஸ்டெட்டர், பேர்ல் துறைமுகத் தாக்குதலைப் பற்றி 1962இல் வெளியிட்ட ஆய்வு நூலில் முன்பே தெளிவுபடுத்தியிருந்தார். 1941இல் அமெரிக்காவுக்கு அறிகுறிகள் இல்லாமற் போகவில்லை. இரைச்சலின் நடுவே அவை அடையாளம் தெரியாமற் போயின என்பது அவர் முடிபு. சப்பானியரின் தூதரகச் செய்திகளை அமெரிக்கர் மறைவிழ்த்துப் படித்துக்கொண்டுதான் இருந்தனர். ஆனால் அவற்றைப் பார்த்தவர் வெகு சிலர். பார்த்ததும் படி திரும்பப் பெறப்பட்டது. ஆகவே, எவரும் முழுவதையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்க்க இயலவில்லை.

அந்தப் பாடத்தின் விளைவாகவே 1947இல் சி.ஐ.ஏ. தோன்றியது. ஆனால் ஒன்றாக்க எழுந்த இலாகாவே பலவற்றுள் ஒன்றாகிவிட்டது. பிற நாட்டார் செய்திகளை ஒட்டுக் கேட்கும் என்.எஸ்.ஏ. 1952இலும், பாதுகாப்பு அமைச்சுக்குரிய டி.ஐ.ஏ. 1961இலும் எழுந்தன. ஒவ்வொன்றும் தனக்கென்று கணிப்பொறிகளை வாங்கிற்று. தன் பழக்கத்திற்கேற்பக் கோப்புகளை அடுக்கிற்று. 1962ஆம் ஆண்டின் கியூபா நெருக்கடி போன்ற வேளைகளில், ஓர் இலாகாவின் ஆய்வாளர் மற்றோர் இலாகாவின் கோப்பைப் பார்ப்பதற்குத் தொலைபேசியும் தூதனும் தாளுமே வழியாக இருந்தன.

இந்நிலையை மாற்ற 1965ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்டதுதான் ‘காயின்ஸ்’ எனச் சுருக்கப் பெயர் பெற்ற வலை. உளவுச் சமூகத்தின் நேரிணைப்புத் தகவல் அமைப்பு என்று அதன் முழுப்பெயரைத் தமிழில் கூறலாம். அதை நடத்தும் பொறுப்பு என்.எஸ்.ஏ.யிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓர் இலாகாவின் அறையில் உள்ள முனையத்தில் ஆய்வாளர் வினாவைத் தட்டச்சுச் செய்வார். நடுவில் உள்ள மாற்றுப் பொறி அதை உரிய இலாகாவின் கணிப்பொறிக்கு அனுப்பும். விடை அதே வழியில் திரும்பி வரும். இன்று பள்ளிப் பிள்ளையும் வியவாத செயல். அன்றோ, பல்கலைக்கழகங்களை இணைத்த ‘அர்ப்பாநெட்’ வலையின் முதற் செய்தி 1969 அக்டோபர் 29ஆம் நாளில்தான் சென்றது என்பதை நினைவிற் கொண்டால், அதற்கு முன்பே இப்படியொன்று திட்டமிடப்பட்டதன் துணிவு புலப்படும். 1970களில் காயின்ஸ், அர்ப்பாநெட்டின் பொதிமாற்று முறையையே தானும் ஏற்றுக்கொண்டது.

ஆங்கிலத்தில் அச்சுருக்கப் பெயர் காசுகளைக் குறிக்கும். தமிழில் அதனை நாணயம் என்போம். நாணயம் என்றாலோ நேர்மையும் நம்பிக்கையுமாகும். பெயரிட்டவர்கள் இச்சிலேடையை அறிந்திரார். எனினும், அவ்வலையின் குறைபாடு எதுவென்று ஒரே சொல்லில் கூறவேண்டுமாயின் அச்சொல் இதுதான். வலைக்குள் எந்தக் கோப்பை வைப்பது, எதை வெளியே நிறுத்துவது என்பதை அந்தந்த இலாகாவே முடிவு செய்தது. எல்லோரும் பார்க்கலாம் என்று ஓர் இலாகா மனமுவந்து வைக்கும் கோப்பு, பெரும்பாலும் இழந்தாலும் கேடில்லாத கோப்பாகவே இருக்கும். பொதுச் சந்தைக்கு வருவது வீட்டில் மிஞ்சியதுதானே!

மொழிச் சிக்கல் வேறு இருந்தது. தமிழாசிரியர்களுக்குச் சுவை தரும் செய்தி இது. கம்பியால் இணைந்த கணிப்பொறிகள் சொல்லால் இணையவில்லை. ஒவ்வோர் அமைப்பிலும் வினாத் தொடுப்பதற்கெனத் தனி வினவுமொழி. கோப்பில் உள்ள பகுதிகளுக்குத் தனிப்பெயர். தன் இலாகாவின் மொழியில் தேர்ந்தவர் அடுத்த இலாகாவின் கோப்பைத் திறக்க இன்னொரு மொழியைக் கற்கவேண்டியிருந்தது. வேலை மிகுந்த ஆய்வாளர் எத்தனை பேர் அதைக் கற்பார்? பத்தாண்டு கழிந்து, 1970களில், ஒரு பொது வினவுமொழியில் கேட்டால் அதை ஒவ்வோர் அமைப்பின் மொழிக்கும் பெயர்த்துத் தரும் ‘அடாப்ட்’ என்னும் நிரலை உருவாக்க முனைந்தனர். இணைப்பு என்றால் கம்பி என்று நினைத்தவர்கள், அது மொழிபெயர்ப்பு என்பதைப் பிந்தியே உணர்ந்தார்கள்.

காவலைப் பற்றிய அச்சமும் வெறும் சாக்கன்று. இவ்விடத்தில் அறிக்கை இலாகாக்களுக்குச் சற்று அநீதி செய்கிறது என்றே கூறவேண்டும். 1967இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய கணிப்பொறி மாநாட்டில், வாய் திறவாமைக்குப் பெயர்பெற்ற என்.எஸ்.ஏ.யைச் சேர்ந்த பெர்னார்ட் பீட்டர்ஸ் என்பவரே மேடையேறி, பலர் ஒருங்கே பயன்படுத்தும் பொறியைக் காப்பது எப்படி என்று பேசினார். அதே அரங்கில் பேசிய ராண்ட் நிறுவனத்து வில்லிஸ் வேர் பின்னர் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கி, 1970இல் அறிக்கை தந்தார். மறைச்செய்திக்குரிய தகுதிச் சான்று பெறாதவரும் ஒரே பொறியில் புழங்கும் திறந்த சூழலில், மறைச்செய்திகளைக் காப்பதற்கு அன்றைய தொழில்நுட்பம் போதாது என்பது அதன் சாரம். இரண்டாண்டுக்குப் பின் அமெரிக்க விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் செய்த ஆய்வோ, உள்ளேயிருக்கும் தீய எண்ணங் கொண்டவனையே முதற்பகைவனாகக் காட்டிற்று. கதவைத் திறக்க மறுத்தவர்கள் எல்லோரும் கஞ்சர்களல்லர். பூட்டின் வலிமையை அறிந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். 2010இல், பகிர்தலுக்காகத் திறக்கப்பட்ட இராணுவ வலையிலிருந்து ஈராக்கில் இருந்த ஒரு படைவீரர் இரண்டரை இலட்சம் தூதரகச் செய்திகளைப் படியெடுத்து வெளியிடக் கொடுத்தபோது, வெளியுறவு இலாகா தன் செய்திக் கிடங்கை அவ்வலையிலிருந்து துண்டித்துக்கொண்டது. பழைய ஆய்வுகளைப் படித்தவருக்கு அது வியப்பளித்திராது.

அறிக்கை போதிய அளவு எடை போடாத மற்றொரு பக்கம், குடிமக்களின் பக்கம். 1965இல் அமெரிக்க அரசாங்கத்தின் புள்ளிவிவரங்களை ஒரே தேசியக் கிடங்கில் சேர்க்கலாம் என்று சமூகவியல் அறிஞர்கள் முன்மொழிந்தனர். 1966இல் காங்கிரசின் கீழவையில் கார்னிலியஸ் கல்லகர் தலைமையில் விசாரணை நடந்தது. தனிமனிதரின் வாழ்வு ஒரு பொறியின் நினைவில் அடைபடுமே என்று எதிர்ப்பு எழுந்தது; திட்டம் கைவிடப்பட்டது. குடிமதிப்புக் கணக்கை இணைப்பதற்கு மக்கள் மன்றத்தில் வழக்காடிய அதே ஆண்டுகளில், ஒற்றர் கோப்புகளை இணைப்பது எவர் கேள்விக்கும் உட்படாமல் நடந்துகொண்டிருந்தது. 1970 சனவரியில், இராணுவத்தின் முன்னாள் அதிகாரி கிறிஸ்டபர் பைல், போர் எதிர்ப்பாளர்களான குடிமக்களைப் பற்றி இராணுவம் கோப்புகள் தொகுத்துவந்ததை அம்பலப்படுத்தினார். அழிக்கப்பட வேண்டிய அக்கோப்புகள் அர்ப்பாநெட் வழியாக இடம் பெயர்க்கப்பட்டன என்று 1975 ஜூனில் என்.பி.சி. தொலைக்காட்சி குற்றஞ்சாட்டிற்று, செனட் சபைக் குழு பாதுகாப்பு அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்டது. இலாகாக்களுக்கு இடையே எழுந்த சுவர்கள் சிலவற்றை எழுப்பியது கஞ்சத்தனமன்று, இந்த வெட்கமே. அறிக்கை சுவரைப் பற்றி நிறையப் பேசுகிறது. கொத்தனாரைப் பற்றி இன்னும் சற்று விரிவாகப் பேசியிருக்கலாம்.

திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடலை இங்கே அளவுகோலாகக் கொள்வதில் தவறில்லை. ஒற்றர் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆளவேண்டும் என்றும், மூவர் சொல் ஒத்தால் தெளியலாம் என்றும் வள்ளுவர் விதிக்கிறார். இரண்டு செய்திகள் அதில் உள. அறியாமை கீழே வேண்டும். ஏனெனில் அறிந்த மூவரின் ஒற்றுமை ஒருவரின் சொல்லே. கூட்டிப் பார்க்கும் இடம் மேலே வேண்டும். அது அரசனின் இருக்கை. 1960களின் அமெரிக்காவில் அவ்விருக்கை பெயரளவில் இருந்தது. சி.ஐ.ஏ.யின் தலைவரே எல்லா ஒற்றர் இலாகாக்களுக்கும் தலைவர் என்றனர். பணமும் ஆளும் பெரும்பகுதி பாதுகாப்பு அமைச்சர் கையில் இருந்தன. கோப்பை வலையில் வை என்று கேட்டுக்கொள்ள அவரால் முடிந்தது, கட்டளையிட முடியவில்லை. 2004ஆம் ஆண்டின் சட்டம் தேசிய உளவு இயக்குநர் என்னும் பதவியைப் படைத்தது இக்குறையைப் போக்கவே. அம்மட்டில் அறிக்கையின் நோய்நாடல் சரி.

முதல் விதியை மட்டும் மறந்தால் நேர்வது யாது? ஈராக்கில் பேரழிவுப் படைக்கலங்கள் உள என்னும் கூற்றை ஆராய்ந்த குழு 2005 மார்ச்சில் தந்த அறிக்கை இதற்கு விடை கூறுகிறது. ‘கர்வ்பால்’ என்னும் மறைபெயருடைய ஒரே மனிதனின் சொல், ஏறக்குறைய 100 அறிக்கைகளாக டி.ஐ.ஏ. வழியே இலாகாக்களுக்குப் பரவிற்று. பகிர்தல் குறைவற நடந்தது. ஒருவன் பொய் பலர் மெய்யாயிற்று.

இனி, மலேசிய வாசகர்களுக்கு நெருக்கமான பகுதி ஒன்று அவ்வறிக்கையில் உண்டு. 2000 சனவரி 5 முதல் 8 வரை, கோலாலம்பூர் அருகே ஓர் அடுக்குமாடி வீட்டில் அல்கய்தாவினர் சிலர் கூடினர். சி.ஐ.ஏ.யின் வேண்டுகோளின்படி மலேசியச் சிறப்புப் பிரிவுக் காவலர் அவர்களைப் பின்தொடர்ந்து படமெடுத்தனர். தங்கள் பணியை அவர்கள் செம்மையாகவே செய்தனர். கூடியவர்களுள் ஒருவனான மிதாரின் கடப்பிதழில் அமெரிக்க விசா இருந்தது சி.ஐ.ஏ.க்கு அப்போதே தெரியும். அவன் தோழன் ஹஸ்மி சனவரி 15ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றதும் மார்ச்சில் தெரியவந்தது. ஆனால் இருவர் பெயரும் கண்காணிப்புப் பட்டியலில் ஏறியது 2001 ஆகஸ்டின் இறுதியில். பென்டகனில் மோதிய விமானத்தில் இருவரும் இருந்தனர்.

இதற்குக் கணிப்பொறியோ கம்பியோ காரணமன்று. சி.ஐ.ஏ.க்குள்ளேயே அமர்ந்து பணியாற்றிய எப்.பி.ஐ. அதிகாரி ஒருவர், விசாவைப் பற்றிய செய்தியைத் தம் இலாகாவுக்கு அனுப்ப சனவரியிலேயே வரைவு எழுதினார். அதை நிறுத்திவைக்குமாறு கூறப்பட்டது. வாசகரின் நெஞ்சைத் தொடும் இச்செய்தி அறிக்கையின் உடலில் இல்லை. நூலின் இறுதியில், சிற்றெழுத்துக் குறிப்புகளுக்குள் கிடக்கிறது. பதின்மூன்றாம் இயலின் தலைப்பில் நிற்கவேண்டிய வாக்கியம் அது. இவ்விருவரின் பயணத்தைப் பற்றிய சி.ஐ.ஏ. செய்திகளுள் ஒன்றையேனும் படித்தவர்கள், அவ்விலாகாவுக்குள்ளேயே ஐம்பது அறுபது பேர் என்று அதன் தலைமை ஆய்வாளர் கணக்கிட்டார். அக்கணக்கு 2007 ஆகஸ்டில்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.