கேபிள் வயர்: ஒரு மறுபரிசீலனை

சென்ற மாதம் எங்கள் கேபிள்காரர் வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க ஐயா, பாக்ஸ் ஏழு மாசமாச் சும்மாவே கெடக்குதுங்க. கழட்டிக்கட்டுங்களா, இருக்கட்டுங்களா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் கேட்டது ஒரு பெட்டியைப் பற்றி. எனக்கு ஞாபகம் வந்தது நான் எழுதிய ஒரு கட்டுரை.

இருபது வருஷங்களுக்கு முன், இதைப் போன்ற ஒரு சிறு பத்திரிகையில், கேபிள் டெலிவிஷன் தமிழ்க் கிராமத்தின் பிரக்ஞையை மழுங்கடிக்க வந்த சாதனம் என்று எழுதியிருந்தேன். அதில் சொன்னவற்றில் பெரும்பகுதியை இன்றும் வாபஸ் வாங்கத் தயாரில்லை. ஆனால் முக்கியமான ஒரு விஷயத்தைப் பார்க்கத் தவறியிருக்கிறேன். கேபிள் மெல்ல ஓய்ந்துகொண்டிருக்கும் இப்போதுதான் அது கண்ணில் படுகிறது. பிறர் தவறுகளை இத்தனை வருஷம் சுட்டிக்காட்டியவன் தன் தவறைத் தானே சொல்வதுதான் முறை.

புதுச்சத்திரம், சேலத்திலிருந்து நாமக்கல் போகிற நெடுஞ்சாலையில் ஆண்டகளூர் கேட்டைத் தாண்டி வருகிற ஊர். லாரி, கோழிப்பண்ணை, குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசி என்று பிழைப்பு நடக்கும் சமவெளி. இலக்கியம் பேச ஆள் வேண்டுமென்றால் பஸ் ஏறவேண்டும். 1991இல் வளைகுடா யுத்தத்தை டிஷ் வைத்துப் பார்த்த நகரத்துக்காரர்களிடமிருந்து கிளம்பிய இந்த வியாபாரம், 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி தொடங்கிய பிறகு எங்களைப் போன்ற ஊர்களின் வேப்பமரங்களிலும் மின்கம்பங்களிலும் ஏறியது. 1995இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டு, கேபிள் நடத்துகிறவர்கள் தலைமைத் தபாலாபீசில் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்றது. 2006இலிருந்து ஒரு கட்சியின் அரசு வீட்டுக்கு வீடு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தது. 2011 செப்டம்பரில் அடுத்த கட்சியின் அரசு, தூங்கிக்கொண்டிருந்த அரசு கேபிள் நிறுவனத்தை எழுப்பி மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது. பெட்டியும் வயரும் ரேஷன் அரிசியைப் போல ராஜ்ய விவகாரமான இடம் உலகில் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை.

நான் அன்று எழுதியது இந்த மேல்மட்டத்தைப் பற்றித்தான். சென்னையில் யாரோ தயாரிக்கும் அழுகையை இங்கே எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் அழுகின்றன என்றேன். அது உண்மை. ஆனால் வயரின் இந்த முனையில் ஒரு மனிதர் இருந்தார் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவரிடம் ஒரு கோடுபோட்ட நோட்டு இருந்தது. யார் வீட்டில் மூன்று மாதம் பாக்கி, யார் வீட்டில் கறவை மாடு செத்துப்போனதால் இந்த மாதம் கேட்கக்கூடாது என்பதெல்லாம் அதில் அவர் கையெழுத்தில் இருந்தது. அவருடைய கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு லோக்கல் சேனலும் வந்தது. மாரியம்மன் நோம்பியில் தீர்த்தக்குடம் வருவது, பள்ளிக்கூட ஆண்டுவிழா, கண்ணீர் அஞ்சலி, அன்றைய முட்டை விலை, காணாமல் போன ஆடு. ஆட்டமும் புள்ளியுமான அந்தப் படத்தை ஊர் முழுவதும் பார்த்தது, தன் முகம் அதில் வருகிறதா என்று தேடியபடி. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். கலை என்ற அளவுகோலோடு மட்டுமே திரையின் முன் உட்கார்ந்தவனுக்கு அதில் சிரிக்கத்தான் விஷயம் இருந்தது. வெளியிலிருந்து வெள்ளமாக வந்து கொட்டிய அதே வயரில், ஊர் தனக்குத்தானே பேசிக்கொள்ள ஒரு சின்ன வாய்க்காலும் இருந்தது என்பது எனக்குப் பிடிபடவில்லை.

அந்த வியாபாரம் இன்று என்ன ஆயிற்று? 2016 செப்டம்பரில் ஜியோ வந்து கைபேசியில் டேட்டாவை அள்ளி இறைத்ததிலிருந்து கதை தொடங்குகிறது. நெட்ஃபிளிக்ஸும் அமேசான் பிரைமும் அதே வருஷம்தான் இந்தியாவில் கடை விரித்தன. 2019 பிப்ரவரியில் டிராய் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது. முதல் நூறு சேனல்களுக்கு 130 ரூபாயும் வரியும், கட்டணச் சேனல்களுக்குத் தனிவிலை என்றதும், பழைய 70 ரூபாய் உலகம் முடிந்தது. 2020இல் கொரோனாவால் தியேட்டர்கள் மூடிக்கிடந்தபோது 'பொன்மகள் வந்தாள்' நேரே ஓடிடிக்குப் போனது, தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். அடுத்த அடி தங்கள் மேல்தான் விழப்போகிறது என்று கேபிள்காரர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? 2022 ஜூனில் ஐ.பி.எல். கிரிக்கெட்டின் அடுத்த ஐந்து வருஷ உரிமை ஏலத்துக்கு வந்தபோது, இந்தியாவில் தொலைக்காட்சிக்கு 23,575 கோடியும் இணையத்துக்கு 23,758 கோடியும் விழுந்தன. வித்தியாசம் சிறியது, அது சொல்லும் செய்தி பெரியது. வரவேற்பறைப் பெட்டியைவிடச் சட்டைப்பைத் திரைக்கு மதிப்பு அதிகம் என்று பணம் முடிவு செய்துவிட்டது. 2023இலும் 2024இலும் இந்தியாவின் கைபேசிகளில் இலவசமாகக் காட்டப்பட்ட அந்த ஆட்டம், பழக்கம் ஏறிய பிறகு 2025இல் சந்தாவின் பக்கம் திரும்பியது.

கேபிளும் டி.டி.எச்.சும் சேர்ந்த கட்டண இணைப்புகள் நாடு முழுவதும் 2018இல் 15.1 கோடியாக இருந்து 2024இல் 11.1 கோடியாகக் குறைந்தன என்று கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்பு வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எல்லாப் பழியையும் ஓடிடியின் தலையில் போடமுடியாது. விலை ஏறியதும் தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷும் தங்கள் பங்கைச் செய்திருக்கின்றன. ஆனால் இதில் நஷ்டப்பட்டது யார் என்று கேட்டால், நாம் எதிர்பார்க்கும் பதில் வருவதில்லை. சேனல் முதலாளிகள் பெரும்பாலும் இரண்டு கரைகளிலும் நிற்கிறார்கள். சன் குழுமம் 2017லேயே சன் நெக்ஸ்ட் என்று தனக்கொரு செயலியைத் தொடங்கிக்கொண்டது. ஸ்டாரும் ரிலையன்ஸின் சேனல்களும் 2024 நவம்பரில் ஒன்றாகி, 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் பிறந்தது. பண்டம் அதே கிடங்கிலிருந்துதான் வருகிறது, வண்டிதான் வேறு. ஆகவே புதிய சாதனம் பழைய சாதனத்தைக் கொல்கிறது என்று சொல்வது அரைகுறை வர்ணனை. கிடங்குக்காரன், தனக்கும் வீட்டுக்கும் நடுவே நோட்டோடு நின்ற மனிதரை விலக்கிக்கொண்டிருக்கிறான்.

அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. இப்போது அதே கம்பங்களில் ஃபைபர் இழுத்து இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கிறார். "வயரு நம்மளதுதானுங்க, அதுல போறதுதான் நம்மளது இல்லீங்க" என்றார். வயர் இருக்கும்வரை அவர் பிழைத்துக்கொள்வார் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அந்த வயரில் லோக்கல் சேனலுக்கு இடமில்லை. தன் கேபிள் வியாபாரத்தின் முடிவைத் தானே கம்பத்துக்குக் கம்பம் கட்டிக்கொண்டு போகிறார். எங்கள் தெருவில் பாதி வீடுகள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

இதற்கெல்லாம் நானா அழவேண்டும்? ஜனரஞ்சகத்தின் பிடி தளர்கிறது, அவரவர் ரசனைக்கு அவரவர் பார்க்கலாம், நல்ல சினிமாவுக்கும் வழி பிறக்கிறது என்று ஓடிடியை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். அந்த வரவேற்புக்கு ஆதாரமும் இருந்தது. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் முதல் பரிசான டைகர் விருது பெற்றது. குடிகாரத் தகப்பன் பள்ளிக்கூடத்திலிருந்து பையனைக் கூட்டிக்கொண்டு, தாய்வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை அழைத்துவரக் கிளம்புகிறான். திரும்பும் காசைப் பையன் கிழித்துப்போட, இருவரும் வெயிலில் நடந்தே வருகிறார்கள். ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரப் படத்தில் கதை அவ்வளவுதான். கடைசியில் ஊற்றுக்குழியில் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேந்தும் காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. இந்தப் படம் 2023 அக்டோபரில் சோனிலிவ் வழியாகத்தான் எனக்குக் கிடைத்தது. கேபிள் எனக்கு இதை ஒருநாளும் தந்திருக்காது. இதை மறைத்துவிட்டு ஓடிடியைத் திட்டுவது யோக்கியமான விமர்சனம் ஆகாது.

ஆனால் அதைப் பார்த்த இரவுக்கு மறுநாள் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. டீக்கடையில் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. பக்கத்து வீட்டிலும் அதே செயலி இருக்கிறது. ஆனால் எனக்கு வரும் வரிசை அவர்களுக்கு வருவதில்லை. இப்படி ஒரு படம் இருப்பதே அவர்கள் திரையில் தெரியாது. எண்பதுகளின் கடைசியில் தூர்தர்ஷன் ஞாயிறு மதியங்களில் விருது பெற்ற பிராந்திய மொழிப் படங்களைக் காட்டியது. வேறு சேனல் இல்லாத நிர்ப்பந்தத்தால் எங்கள் தெருவே ஒரு வீட்டில் உட்கார்ந்து ஒரு மலையாளப் படத்தைப் பார்த்தது. பாதிப் பேர் முணுமுணுத்தார்கள், இரண்டு பேர் தூங்கினார்கள், ஒரு நெசவுக்காரர் மட்டும் மறுநாள் என்னை வழிமறித்து, அந்த வீட்டுக் கிழவர் ஏன் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டார். அரைமணி நேரம் பேசினோம். அந்த அரைமணி நேரம் எந்த நிறுவனத்தின் கணக்கிலும் வராது.

நம் வட்டத்தில் ஓடிடியைச் சிறு பத்திரிகையோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் கூட்டம் சிறியது, இரண்டும் சந்தா, இரண்டும் தேர்ந்த வாசகனுக்கு என்று. நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். அந்த ஒப்பீடு நிற்காது. நம் முந்நூறு பிரதிகளும் ஒரே பிரதி. ஒருவர் எழுதியதை மற்ற அனைவரும் படித்தாகவேண்டும், படித்துவிட்டுச் சண்டை போட்டாகவேண்டும். கடிதம் வரும், மறுப்பு வரும், நட்பு முறியும். அந்தச் சிறுமை நாம் தேர்ந்தெடுத்து, கைக்காசு போட்டுக் காப்பாற்றியது. செயலி உண்டாக்கும் சிறுமை அவரவர் விரல் பழக்கத்தைக் கணக்கெடுத்து ஒவ்வொருவரையும் தனியே உட்காரவைப்பது. முந்நூறு பேருக்கு முந்நூறு பத்திரிகைகளை அச்சடித்து, யாரும் அடுத்தவர் பிரதியைப் பார்க்கமுடியாதபடி அனுப்பினால் எப்படியோ அப்படி. அங்கே விமர்சகனுக்கு வேலையில்லை. மோசமான சீரியலாக இருந்தாலும் பத்துப் பேர் பார்த்த சீரியல் என்றால் அதை மோசம் என்று சொல்ல எனக்கு ஓர் எதிராளி இருந்தான். விமர்சனத்துக்கு நல்ல படைப்பு மட்டும் போதாது. பொதுவாகப் பார்க்கப்பட்ட படைப்பு வேண்டும். இருபது வருஷம் முன் நான் எழுதிய கட்டுரையே, எல்லாரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் எழுத முடிந்தது. எதைக் குற்றம் என்று சொன்னேனோ அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கேபிள்காரரிடம், 'கூழாங்கல்' படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை லோக்கல் சேனலில் போடமுடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். சிரித்தார். "கேசட் காலம்னா போட்ருப்பனுங்க. இப்பப் போட்டா உள்ள தள்ளிருவாங்க" என்றார். உரிமையில்லாமல் போட்டதும் குற்றம்தான், நியாயப்படுத்தவில்லை. எனக்கு உறைத்தது வேறு. அவரவர் வீட்டுக்குக் காசு கட்டினால் பார்க்கலாம். ஊருக்குக் காசு கட்டிப் பார்க்கிற வழி ஒன்று எனக்கோ அவருக்கோ எட்டுகிற தூரத்தில் இல்லை.

அன்று மாலை அவரையும் அடுத்த வீட்டுத் தம்பி ஒருவரையும் என் வீட்டில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டேன். தம்பி லாரி ஓட்டுகிறவர். பாதியில் எழுந்து பீடி குடிக்கப் போனார், திரும்பி வந்தார். முடிந்ததும், "நடந்துட்டே இருக்கறாங்களேங்க, இதுல என்னங்க இருக்குது?" என்று கேட்டார். கேபிள்காரர் முந்திக்கொண்டு, "கடைசில அந்தப் பொம்பளைங்க தண்ணி மோக்கறதப் பாத்தீல்ல? அதுக்குத்தான் அத்தன தூரம் நடக்க வச்சிருக்கறான்" என்றார். எனக்கு அந்த அபிப்பிராயத்தில் உடன்பாடில்லை; சொன்னேன். ஒன்பதரை மணிவரை மூன்று பேரும் விடவில்லை.

கேபிளைக் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு என்னிடம் காரணமும் இல்லை, அந்த வியாபாரத்துக்கு என் சிபாரிசும் தேவையில்லை. ஆனால் சேர்ந்து பார்ப்பது இனி எந்த வியாபாரத்தின் உபரியாகவும் நமக்குக் கிடைக்காது. கேபிள் அதைத் தெரியாமல் கொடுத்தது. நாமும் தெரியாமல் வாங்கிக்கொண்டோம். இனி வேண்டுமென்றால் நாமே செய்துகொள்ளவேண்டியதுதான், பத்திரிகை நடத்துவதைப் போல, நஷ்டத்தில்.

பாக்ஸைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார், வேறொரு படம் பார்க்க.