முன்கதையைக் கையாளத் தெரிந்தவரே நல்ல நடத்துநர்

அதிரை எனப்படும் அதிராம்பட்டினத்தில் விளையாட்டு என்றால் முதலில் கால்பந்துதான். அந்த ஆட்டத்தில் முன்கள வீரர் யார் வீட்டுப் பிள்ளை, அவருக்கு என்ன கவலை என்பதெல்லாம் நடுவருக்குத் தேவையில்லை. இன்று அலசப்போகும் ஆட்டம் இதற்கு நேர் எதிரானது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுகிறார்கள். முடிவு தெரியாத இடத்தில் பகடையை உருட்டுகிறார்கள். இப்படிச் சேர்ந்தே ஒரு கதையை உருவாக்குகிறார்கள். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகையில் மூத்தது. ஆட்டத்தின் நடத்துநரான கேம் மாஸ்டருக்கு ஒவ்வொரு பாத்திரத்தின் முன்கதையும் தெரிந்தே ஆக வேண்டும். அதை வைத்து அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் ஆட்டத்தின் தரம் இருக்கிறது.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது முன்கதைக்குப் பெரிய இடமில்லை. மூன்று பகடைகளை உருட்டி ஆறு திறன்களுக்கு எண் குறித்தால் பாத்திரம் தயார். 1977-ல் வந்த ‘டிராவலர்’ என்ற இதே வகை ஆட்டம், பாத்திரத்தின் இளமைக் காலப் பணி வாழ்க்கையையே பகடையால் தீர்மானித்தது. ஆட்டம் தொடங்கும் முன்பே பாத்திரம் செத்துப்போகவும் அதில் வழியுண்டு. 2014-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்போ, உன் பாத்திரத்தின் பின்னணி என்ன, கொள்கை என்ன, எதன்மேல் பற்று, எது பலவீனம் என்று கேட்டு எழுதச் சொன்னது. 40 ஆண்டுகளில் முன்கதை ஆட்டத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டது.

மெர்சர் ஆடிய ஆட்டம்

இந்தக் கலையில் பாடமாக வைக்கத்தக்க ஆட்டம் ஒன்று உண்டு. 2015 மார்ச்சில் இணையத்தில் நேரலையாகத் தொடங்கிய ‘கிரிட்டிக்கல் ரோல்’ நிகழ்ச்சியில் மேத்யூ மெர்சர் நடத்துநர்; ஆடியவர்கள் பின்னணிக் குரல் கலைஞர்கள். அவர்களில் டாலியெசின் ஜாஃபி ஏற்ற பாத்திரம் பெர்சி. பிரையர்வுட் தம்பதி அவன் ஊரைக் கைப்பற்றிக் குடும்பத்தைக் கொன்றுவிடுகிறார்கள். கூட ஓடிவந்த தங்கை அம்பு பட்டு விழ, அவள் இறந்துவிட்டாள் என்று நினைத்து அவன் தப்பிப் பிழைக்கிறான். பிறகு ஒருநாள் கனவில் புகை மூட்டம் ஒன்று வந்து, பழிவாங்க வழி தருவதாகச் சொல்கிறது. விழித்ததும் துப்பாக்கி செய்ய ஆரம்பிக்கிறான்.

மெர்சர் இதில் செய்தது இரண்டு நகர்வுகள். செத்ததாக நினைத்த தங்கை கசாண்ட்ராவை உயிரோடு, அதுவும் எதிரிகளின் பக்கத்தில் நிறுத்தினார். கனவில் வந்த புகையை, கொலைக்குக் கொலை பெர்சியின் ஆன்மாவைக் கவ்வும் பேயாக ஆக்கினார். முன்கதையில் எழுதியிருந்த எதையும் அவர் பொய்யாக்கவில்லை. பெர்சிக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்ற இடைவெளிக்குள் புகுந்து ஆடினார்.

இன்னும் முக்கியமானது முடிவு. கொல்ல வேண்டியவர்களின் பெயர்களைப் பொறித்திருந்த அந்தத் துப்பாக்கியைப் பெர்சியின் கையிலிருந்து பிரித்து அழித்தது அவன் கூட்டாளிதான். ஒருவன் எழுதிவந்த துக்கம் மேசையில் இருந்த எல்லோருக்கும் வேலையாக மாறியது. 2019-ல் இந்தக் குழு அனிமேஷன் படத்துக்காகப் பொதுமக்களிடம் நிதி கேட்டபோது 88 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 1.1 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அது தொடராக வளர்ந்து 2022-ல் வெளியான ‘தி லெஜண்ட் ஆஃப் வாக்ஸ் மெஷினா’வின் முதல் பருவத்துக்கு முதுகெலும்பாக அமைந்ததும் பெர்சியின் முன்கதையே.

அதிரைக் கரையில்

இதே உத்தியை நம் கடற்கரையில் வைத்துப் பார்க்கலாம். கதை நடப்பது நூறாண்டுக்கு முந்தைய அதிரையில். ஆட்டக்காரர் ஒருவர் எழுதித் தருகிறார்: ‘வாப்பா சரக்குத் தோணியில் கொழும்புக்குப் போனார். திரும்பவில்லை. உம்மா இன்னும் காத்திருக்கிறார்.’

நடத்துநர்கள் இங்கே மூன்று தவறுகள் செய்வார்கள். தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு மறந்துபோவது ஒன்று. முதல் நாளே வாப்பாவின் உடலைக் கரையில் ஒதுக்கி, அழவைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வது இரண்டாவது. வாப்பாவுக்கு என்ன ஆனது என்று அரைமணி நேரம் தானே கதை சொல்லி, ஆட்டக்காரரைக் கேட்பவராக உட்காரவைப்பது மூன்றாவது. மூன்றிலும் ஆட்டக்காரர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

தேர்ந்தவர் வேறு மாதிரி ஆடுவார். உப்பளத்தில் கணக்கெழுதுபவரின் விரலில் வாப்பாவின் மோதிரம் கிடக்கிறது. விசாரித்தால், “உங்க வாப்பா எங்கிட்ட ஈடு வெச்சதுதான் தம்பி. ஆளு யாழ்ப்பாணத்துல இருக்காரு, வேற பேருல” என்கிறார். அதோடு நடத்துநர் பேச்சை நிறுத்திவிட வேண்டும். உம்மாவிடம் சொல்வதா, மறைப்பதா? கடனை அடைத்து மோதிரத்தை மீட்பதா? கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு அலையாத்திக் காட்டின் வழியே போய் இரவோடு இரவாகத் தோணி ஏறுவதா? முன்கதையை ஒரு முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியாக்கி ஆட்டக்காரர் கையில் திருப்பிக் கொடுப்பதுதான் இந்தக் கலையின் உயிர்.

இந்தத் திறமை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை இன்றும் ஆடும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்திக்கிறார்கள். ‘வள்ளி திருமண’த்தில் நாரதரும் வள்ளியும் செய்யும் தர்க்கம், எதிரில் நிற்பவர் சொன்னதைப் பிடித்து அடுத்த கேள்வியாக்கும் வித்தை. நடத்துநருக்கு வேண்டியதும் அந்தக் காதுதான்.

யாருக்கு முறை?

பத்துப் பக்கம் எழுதிவந்தவரின் கதையே வாரக்கணக்கில் ஓடும்; இரண்டு வரி எழுதியவர் பகடையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பல மேசைகளில் ஆட்டம் கலைவது இதனால்தான். மேல்மடைக்காரர் வாய்க்காலை அடைத்துக்கொண்டால் கடைமடையில் பயிர் என்ன ஆகும் என்று கல்லணைக் கால்வாய்க்காரர்களுக்குத் தெரியும். முன்கதைக்கும் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். ஒருவரின் முறை நடக்கும்போது மற்றவர்களுக்கும் அதில் பங்கு இருக்க வேண்டும்.

இன்னொன்றில் சமரசமே கூடாது. எழுதித் தந்த தாளுக்குள் ஒருவரின் சொந்தத் துயரமும் ஒளிந்திருக்கலாம். குழந்தையின் சாவு, நோய், மதம் போன்றவற்றில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று ஆட்டத்துக்கு முன்பே தனியாகக் கேட்டுவிட வேண்டும். கேட்காமல் தொடுவது திறமையாகாது, அத்துமீறல்.

அதிரை, பட்டுக்கோட்டை இளைஞர்கள் இந்த விடுமுறையில் ஒருமுறை ஆடிப் பாருங்கள். ஐரோப்பியக் கோட்டைகளும் டிராகன்களும் கட்டாயமில்லை. 2022-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்காக வெளியான ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்’ தொகுப்பிலேயே இந்திய எழுத்தாளர் மிமி மண்டலின் சாகசக் கதை இருக்கிறது. ஆட்டக்காரர்கள் ஆளுக்கு ஐந்து வரி முன்கதை எழுதினால் போதும். அதில் பதில் தெரியாத கேள்வி ஒன்றையாவது விட்டுவையுங்கள். நடத்துபவர்கள் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பதிலை ஆட்டக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.