வீடு கிடைக்கிறது, பிழைப்பு?

காட்கோபர் கிழக்கில் ரமாபாய் அம்பேத்கர் நகரும் காமராஜ் நகரும் அடுக்குமாடிகளாக மாறப்போகின்றன. மும்பை பெருநகர வளர்ச்சிக் குழுமமும் குடிசைப் புனரமைப்பு ஆணையமும் (எஸ்.ஆர்.ஏ.) கூட்டாக நடத்தும் திட்டம் இது. ஏறத்தாழ 17,000 குடும்பங்களில் தகுதி பெற்றவர்களுக்கு 300 சதுர அடி வீடு இலவசம். ஏழை மக்களின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளை இந்த எஸ்.ஆர்.ஏ. முறை எந்த அளவுக்குக் காக்கிறது?

இவ்வுரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது. நம் அரசியலமைப்பிலோ இவற்றில் பல, வழக்காட முடியாத வழிகாட்டு நெறிகளாகவே இருக்கின்றன. அந்தத் தடையைத் தளர்த்தியது மும்பை நடைபாதைவாசிகளின் வழக்கு. 1981இல் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே அவர்களைச் சொந்த ஊருக்கே அனுப்பப்போவதாக அறிவித்தார். மனுதாரர்களில் ஒருவர் சேலத்திலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளி. குடிசையை இடித்து, குடும்பத்தோடு பஸ் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். வேலை தேடித் திரும்பி வந்தவர் மறுபடியும் நடைபாதையில்தான் குடியேறினார். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று அறியப்படும் இதில், உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மழைக்காலம் முடிந்ததும் குடிசைகளை அகற்றலாம் என்றதும் அதே தீர்ப்புதான்.

பத்தாண்டுகள் கழித்து வந்த எஸ்.ஆர்.ஏ. முறையின் பலன்களைக் குறைத்து மதிப்பிட முடியாது. புல்டோசரை மட்டுமே பார்த்திருந்தவர்களுக்கு அது மாற்றுவீட்டை உறுதி செய்தது. கூடுதலாகக் கட்டி விற்க பில்டருக்கு அனுமதி கொடுத்து, அந்த லாபத்தில் ஏழைக்கு வீடு கட்டுவதால் அரசின் கஜானாவுக்குச் சுமை குறைவு. பெரும்பாலும் அதே இடத்திலேயே வீடு என்பதால் பிள்ளைகளின் பள்ளி மாறுவதில்லை. வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகிறது. பொதுக் கழிப்பறையில் விடியற்காலை வரிசையில் நின்ற பெண்ணுக்கு வீட்டுக்குள்ளேயே கழிப்பறை கிடைப்பது சின்ன விஷயமல்ல.

குறைகள் தகுதிப் பட்டியலில் தொடங்குகின்றன. 'அனெக்சர்-2' என்ற அந்தப் பட்டியலின் பெயர் குடிசைவாசிகள் எல்லோருக்கும் தெரியும். 2000 ஜனவரி 1க்கு முன்பே அங்கே இருந்ததை வாக்காளர் பட்டியல், மின்கட்டண ரசீது, போட்டோபாஸ் எனும் குடிசைவாசி அடையாள அட்டை போன்ற காகிதங்களால் நிரூபித்தால் வீடு இலவசம். 2011க்குள் வந்தவர்கள் பணம் கட்ட வேண்டும். அதற்குப் பின் வந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. கீழ் ரூமில் இருப்பவர் தகுதியானவர், இரும்பு ஏணி ஏறி மேல் ரூமில் குடியிருப்பவர் பொதுவாகக் கணக்கிலேயே வருவதில்லை. இப்படித் தள்ளப்படுவோருக்கு மிஞ்சுவது மலைச்சரிவும் கால்வாய் ஓரமும். அங்கே வாழ்வதன் ஆபத்தை 2000 ஜூலையில் காட்கோபர் ஆசாத் நகர் கண்டது. மண் சரிந்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அடுத்தது பிழைப்பு. மும்பைத் தமிழரின் ரூம் பல நேரம் தொழிற்கூடமும்கூட. நள்ளிரவில் மாவரைத்து, விடியுமுன் இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக் கிளம்புகிறவர் பன்னிரண்டாம் மாடியில் என்ன செய்வார்? கிரைண்டர் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் சும்மா இருப்பார்களா? லிப்டுக்கும் தண்ணீர் பம்புக்கும் மாதாமாதம் சொசைட்டிக்குக் கட்டும் பணம் வேறு. போதுமான வீடு என்றால் செலவு தாங்கக்கூடியதாகவும், வேலைக்கு எட்டும் தூரத்திலும், பண்பாட்டுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்று இவ்வுரிமைகளுக்கான ஐ.நா. குழு 1991இலேயே விளக்கிவிட்டது. எஸ்.ஆர்.ஏ. பெரும்பாலும் சதுர அடியைத்தான் அளக்கிறது.

நிலவிலையை நம்பிய முறை என்பதால், லாபமில்லாத இடத்தில் வேலை நகராது. 40 லட்சம் பேருக்கு இலவச வீடு என்ற 1995 தேர்தல் வாக்குறுதி, முப்பது ஆண்டுகள் ஆகியும் பாதிகூட நிறைவேறவில்லை.

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2000இல் க்ரூட்பூம் வழக்கில் ஓர் அளவுகோலை வைத்தது: மிகவும் நிர்க்கதியானவர்களை விட்டுவிடும் வீட்டுத் திட்டம் நியாயமானதாகாது. அந்த அளவுகோலில் நம் தகுதித் தேதி தேறாது. இந்தியாவில் கல்விக்கு 2009இலும் உணவுக்கு 2013இலும் உரிமைச் சட்டங்கள் வந்தன. வீட்டுக்கு அப்படியொரு தேசியச் சட்டம் இன்னும் இல்லை.

வீடு கட்டும் திட்டமாக எஸ்.ஆர்.ஏ. பாதி வெற்றி, உரிமைப் பாதுகாப்பாகத் தோல்வி. தகுதி இழந்தவர்களுக்குக் குறைந்த வாடகை வீடும், வீட்டுத் தொழில் செய்வோருக்குத் தரைத்தளத்தில் இடமும் காமராஜ் நகர் வரைபடத்தில் இப்போதே சேர்க்கப்பட வேண்டும். கட்டடம் எழுந்தபின் கேட்டால், இடமில்லை என்ற பதில்தான் கிடைக்கும்.