மாவாட்டிய முதலாளி

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் முகூர்த்தப் புடவை எடுத்து முடித்ததும் வீட்டுப் பெரியவர்களுக்கு அடுத்த கவலை டிபன். தெற்கே கொஞ்சம் நடந்தால் ஜார்ஜ் டவுன். அங்கே ஆச்சாரப்பன் தெருவில் ஓட்டல் வேலைக்கு நின்ற உடுப்பிப் பக்கத்துப் பையன்தான் பிற்பாடு உட்லண்ட்ஸ் ஓட்டல்களின் முதலாளி கிருஷ்ண ராவ்.

பாத்திரம் கழுவினார், மாவாட்டினார், பிறகுதான் கல்லாவில் உட்கார்ந்தார். எனக்குப் பிடித்தது இந்த வரிசை. உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும்; மாவு சூடேறாமல், பஞ்சாகப் பொங்கி வர வேண்டும். அந்தப் பதம் கைக்குத் தெரிந்த முதலாளியிடம் எந்தச் சரக்கு மாஸ்டரும் சாக்குச் சொல்ல முடியாது. உடுப்பிக்காரர்களிடம் தொழில் கைமாறியதே இப்படித்தான், அடுப்படியில் நின்று, திட்டு வாங்கி. (இன்றைய கேட்டரிங் கல்லூரிகளில் திட்டு மட்டும் குறைவு.)

1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். 1962இல் டிரைவ்-இன்: கார் ஜன்னலில் தட்டை மாட்டி, மரநிழலில் படூராவும் காபியும். ஒரு காபியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்களை யாரும் எழுப்பவில்லை. சென்னையில் அதற்கு ஈடான பெருந்தன்மை வேறு ஓட்டலில் இல்லை என்பேன்.

1990இல் அவர் மறைந்தார். 2008இல் டிரைவ்-இன் மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் இன்றைய செம்மொழிப் பூங்கா. ஆனாலும் ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் இருக்கிறது. ஒரு காலை நேரத்தில் போய் இட்லி சாப்பிட்டுப் பாருங்கள்.