வாடிவாசலில் அழுகை மெய்ப்பாடு

சி. சு. செல்லப்பாவின் வாடிவாசல் 1959ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. அளவாற் சிறியது, ஒரு களத்தில் ஒரு பிற்பகற்பொழுதில் நிகழ்ந்து முடிவது. அறுபதாண்டுகட்கு மேலாகியும் கற்பாரை இழக்காதது. இந்நூலைப் பாராட்டுவோர் பெரும்பாலும் இரு நெறியில் நிற்பர். ஒரு சாரார் இதனை வீரநூல் என்பர். ஏறுதழுவும் மரபினை உள்ளவாறு காட்டும் ஓவியம் என்பர். மற்றொரு சாரார் குடியானவனுக்கும் ஜமீன்தாருக்கும் இடையே நிகழும் மானப்போர் என்பர். இவ்விரு கருத்தும் பிழையல்ல. ஆயினும் இவை மரத்தின் கிளையைக் காட்டுவன. வேரைக் காட்டுவன அல்ல. தந்தையை இழந்த ஓர் இளைஞனின் துயரே இந்நூலின் வேர் என்பதும், அத்துயரைப் பிறரறியாது அவன் மறைத்து வைத்தலே இதன் கதைக்கட்டு என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இவ்வாராய்ச்சி இன்று வேண்டப்படுவதற்குக் காரணம் உண்டு. 2014ஆம் ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் ஏறுதழுவலுக்குத் தடை விதித்தது. 2017ஆம் ஆண்டு சனவரியில் இளைஞர் பல்லாயிரவர் சென்னைக் கடற்கரையிலும் பிற ஊர்களிலும் திரண்டனர். தமிழக அரசு சட்டத்திருத்தம் கொணர்ந்தது. அத்திருத்தம் செல்லும் என 2023ஆம் ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வாண்டுகளில் வாடிவாசல் பலர் கையிலும் ஏறியது நன்றே. ஆனால் ஒரு நூல் கொடியாகும்போது அதனை உயர்த்திப் பிடிப்பார் மிகுவர். விரித்துப் படிப்பார் குறைவர். கொடியின் மடிப்புக்குள் ஒரு மகனின் அழுகை மறைந்துபோயிற்று. அதனை வெளிக்கொணர்தல் திறனாய்வாளன் கடன்.

யான் சிலமலையினன். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில், மேற்குமலையின் அடியில் அமைந்தது எம்மூர். ஏலமலைக்கு வேலைக்கு ஏறுவோரும் இறங்குவோரும் எப்பொழுதும் உண்டு. செல்லப்பா தம் பெயரின் முதலெழுத்தில் தாங்கிய சின்னமனூரும் எமக்குத் தொலைவன்று. அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் காளைகள் அவிழ்க்கப்படும் செய்தி தை, மாசித் திங்களில் எம் தெருவுக்கு எட்டும். ஆதலின் வாடிவாசலை வகுப்பில் நடத்தும்போது காளையின் சுழியையும் கொம்பின் அமைப்பையும் மாணவரே எனக்கு விளக்குவர். ஒருமுறை, மலையில் தந்தையைப் பறிகொடுத்த மாணவர் ஒருவர் மட்டும் ஒன்றும் உரையாதிருந்தார். வகுப்பு முடிந்தபின் தனியே வந்து, “ஐயா, அவன் மாட்டைப் பிடிக்க வரவில்லை, அப்பா பெயரைச் சொல்ல வந்திருக்கிறான்” என்றார். பல ஆண்டுகள் இந்நூலைப் பயிற்றிய எனக்குப் புலப்படாத ஒன்று அவருக்குப் புலப்பட்டது. இக்கட்டுரை அவ்வொரு தொடரின் விரிவுரை எனினும் அமையும்.

கதையின் அமைப்பு

செல்லாயி கோயில் சல்லிக்கட்டிற்குப் பிச்சி என்னும் இளைஞன் வருகிறான். மைத்துனன் மருதன் உடன் வருகிறான். பிச்சியின் தந்தை அம்புலி பேர்பெற்ற மாடுபிடி வீரன். ஜமீன்தாரின் காரி என்னும் காளையை அடக்க முயன்று குத்துண்டவன். அதுவே அவன் முடிவுக்குக் காரணமாயிற்று. காரியை அடக்காது போன குறையோடு அவன் மறைந்தான். அக்குறை மகனுக்கு எஞ்சிய சொத்தாயிற்று. பிச்சி காரியை அடக்குகிறான், தானும் காயமுறுகிறான். தோல்வியுற்று வெறிகொண்ட காரியை ஜமீன்தாரே சுட்டு வீழ்த்துகிறார்.

இக்கதையைக் காலமுறையில் கூறின் அது பழிவாங்கற் கதையாய் முடியும். செல்லப்பா அவ்வாறு கூறவில்லை. பிச்சி களத்திற்கு வரும்போது அவன் யார் என்பது பிறர்க்குத் தெரியாது. வாடிவாசலின் அருகே நிற்கும் கிழவர் ஒருவர், எதிரில் நிற்பவன் அம்புலியின் மகன் என்றறியாமலே அம்புலியின் பெருமையைப் பேசுகிறார். தன் தந்தையின் புகழையும் வீழ்ச்சியையும் அயலான் வாய்ப்படக் கேட்டு நிற்க வேண்டிய நிலை மகனுக்கு நேர்கிறது. பின்னரே அவன் தன் பிறப்பை அக்கிழவரிடம் வெளிப்படுத்துகிறான். நூலின் உயிர்நிலை காளையோடு பொருதும் இடத்தில் மட்டும் இல்லை, இங்கும் உள்ளது. துயருற்றோன் தன் துயரைப் பிறர் கூறக் கேட்டுத் தானே அறிந்துகொள்ளும் இடம் இது. வீரநூல் எழுதுவான் ஒருவனுக்கு இப்பகுதி வேண்டுவதன்று.

மறைத்தலின் காரணம் என்னை? உத்தி எனல் எளிது. பெயர் தெரிந்தால் ஜமீன்தார் விழிப்படைவார் எனலாம். அஃது உண்மையே, ஆனால் முழுவுண்மையன்று. அம்புலியின் மகன் என்று சொல்லும் உரிமை தனக்கு இன்னும் வரவில்லை எனப் பிச்சி கருதுகிறான். குறையோடு இறந்த தந்தையின் பெயரைக் குறை தீர்த்தபின்னரே உரக்கச் சொல்லலாம் என்பது அவன் உட்கோள். இவ்வகையில் இம்மறைவு ஒரு குடும்பத்தின் மறைவு. மருதன் அதனை அறிந்தவனாய் உடன் நிற்றலும் இதனாற் பொருளுடைத்து.

மெய்ப்பாட்டு நோக்கு

தொல்காப்பியர் பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை என நான்கு நிலைக்களன் வகுத்தார். வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என நான்கு கூறினார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு உரைத்தார். வீரநூல் என்பார் தறுகண் பற்றிய பெருமிதத்தை இந்நூலிற் காண்கின்றனர். பழிநூல் என்பார் கொலை பற்றிய வெகுளியைக் காண்கின்றனர். இழவும் இளிவும் பற்றிய அழுகையை இருவரும் காணாராயினர்.

இழவு சுற்றத்தாரை இழத்தல். இளிவு தான் எளியனாக்கப்படுதல். பிச்சியின் துயரில் இவ்விரண்டும் பிரிக்கவொண்ணாது பின்னிக் கிடக்கின்றன. தந்தை இறந்தது இழவு. தோற்று இறந்தது இளிவு. இழவு மட்டுமாயின் காலம் ஆற்றும். இளிவு மட்டுமாயின் வெற்றி ஆற்றும். இரண்டும் கூடிய துயருக்குக் காலமும் மருந்தாகாது. வெற்றியும் முழு மருந்தாகாது. இதனை உணர்ந்தே செல்லப்பா நூலை வெற்றியில் முடிக்காமல் காளையின் சாவில் முடித்தார்.

நூலில் பிச்சி அரற்றி அழக் காணோமே, அழுகை எங்ஙனம் என்று வினவலாம். வினா தக்கதே. எண்வகை மெய்ப்பாட்டை அடுத்து ஆசிரியர் வேறு பலவும் எண்ணும் வரிசையில் அடக்கம் என்பதனையும் வைத்தார். அழுகை அடக்கத்தோடு கூடும்போது கண்ணீராகத் தோன்றாது; கையின் இறுக்கமாகவும், சொல்லின் சுருக்கமாகவும், ஒரு பெயரைச் சொல்லாமையாகவும் தோன்றும். எம் பக்கத்து ஆடவர் இழவுக்குப் பின் மூன்றாம் நாளே மலைவேலைக்கு ஏறுதல் உண்டு. அவர்தம் துயர் குறைந்தது எனக் கூறுவார் அவரை அறியாதார்.

முல்லைக்கலியோடு ஒப்பு

ஏறுதழுவலைப் பாடும் பழம்பாடல்கள் கலித்தொகையின் முல்லைக்கலியில் உள்ளன. ஆண்டு ஆயர்குல இளைஞன் ஏறு தழுவுவது தலைவியைப் பெறுதற்பொருட்டு. தழுவியபின் மணம், குரவை, மகிழ்ச்சி. அவன் பெறப்போவதற்காகத் தழுவுகிறான். பிச்சியோ இழந்ததற்காகத் தழுவுகிறான். களம் அதுவே, காளை அதுவே, ஆயின் காலம் நோக்கும் திசை மாறிவிட்டது. பழம்பாடலில் எதிர்காலம் மேடையில் நின்று காண்கிறது. செல்லப்பாவின் நூலில் இறந்தகாலம் நின்று காண்கிறது. ஆதலின் வாடிவாசலை முல்லைக்கலியின் நேர்வழித்தோன்றல் எனப் பாராட்டிவிடுதல் இரண்டின் தனிச்சிறப்பையும் மங்கச் செய்யும்.

மேலைநாட்டு ஒப்புமையும் ஈண்டு பயன்படும். சேக்சுபியரின் ஆம்லெத்து நாடகத்தில் இறந்த தந்தையின் ஏவல் மகன்மேற் சுமத்தப்படுகிறது. ஆம்லெத்து ஐயுற்று நிற்கிறான், பிச்சி ஐயுறுவதில்லை. ஆனால் ஏவியவர் இறந்துவிட்டமையின் ‘போதும்’ என்று சொல்வார் இல்லை என்னும் அவலம் இருவர்க்கும் பொது. அண்மைக் காலத்து இளையோர் புதினங்களுள் பாட்ரிக் நெசு 2011இல் வெளியிட்ட ‘எ மான்சுடர் கால்சு’ குறிக்கத்தக்கது. தாய் நோயுற்று இறக்கும் நிலையில் கானர் என்னும் சிறுவன் தனக்குள்ளும் ஒப்ப மறுக்கும் ஓருண்மையை இறுதியில் வாய்விட்டுக் கூறுகிறான்; கூறியபின்னரே அவனால் தாயைப் பிரிய முடிகிறது. ஆண்டு மறைவை வெளிப்படுத்தலே விடுதலை. வாடிவாசலிலோ மறைவு வெளிப்பட்ட பின்னும் ஒரு செயல் எஞ்சுகிறது; செயல் முடிந்த பின்னும் துயர் எஞ்சுகிறது. சொல்லால் ஆறாத துயரும் உண்டு என்பது செல்லப்பாவின் கண்டுபிடிப்பு.

காரியின் சாவு

காரிக்குப் பகையில்லை, நினைவில்லை, அம்புலியைக் குத்தியது அதன் இயல்பு. மனிதன் தன் மானத்தை அதன் கொம்பில் கட்டினான். ஒருவன் கட்டியதை மற்றொருவன் அவிழ்த்தான். உயிர் கொடுத்தது காளை. ஜமீன்தாரின் வெடியைச் செருக்கு எனல் பொதுவழக்கு. யான் அதனைத் துயரின் மற்றொரு வடிவமாகவும் கொள்வேன். தாம் வளர்த்ததைத் தம் கையாலே அழித்தவர் அவர். தந்தையை இழந்த மகனும் காளையை இழந்த ஜமீன்தாரும் ஒருவர் துயரை ஒருவர் அறியாது பிரிகின்றனர். அறியாமையே இங்கு அவலம்.

ஒரு குறை

நூலின்கண் குறையொன்றும் சுட்டல் வேண்டும். முதன்மைப் பாத்திரங்களுள் பெண் எவரும் இலர். களத்திற்குப் பெண்கள் வாரார் எனின் அமையாது. அம்புலியின் சாவால் வீட்டில் நேர்ந்தது என்ன, மகனும் அதே கொம்பின் முன் நிற்றலை வீட்டார் எவ்வாறு பொறுத்தனர் என்பன நூலுக்கு வெளியே நிற்கின்றன. ஒரு பொழுது, ஓரிடம் என்னும் கட்டுக்கோப்பே நூலுக்கு இறுக்கம் தந்தது. அக்கட்டுக்கோப்பே வீட்டின் கதவை அடைத்தும் விட்டது. பிச்சி வீடு திரும்பும் காட்சி நூலில் இல்லை. காயத்தோடு வாயிலில் நிற்கும் மகனைக் கண்டு வீட்டார் அழுதனரோ, தேறினரோ நாம் அறியோம். இழவின் பாதி உரைக்கப்பட்டது. மறுபாதி உரைக்கப்படாது நின்றது.

முடிபு

துயரும் குடும்ப மறைவும் பொருளாக இளையோர்க்கெனத் தனியே எழுதப்படும் புதினங்கள் பிறமொழிகளில் பெருகியுள்ளன. தமிழில் அவ்வகைமையைத் தேடுவோர் வாடிவாசலை நினைப்பதில்லை; அது காளை நூல் எனப் பெயர் பெற்றுவிட்டது. இளைஞன் ஒருவன் தலைமகனாதல், பெற்றோர் இழவு, அதனைச் சூழ்ந்த மறைவு, மறைவு வெளிப்படுமிடத்து அவன் ஆடவனாதல் என்னும் கூறுகள் யாவும் இதன்கண் உள. செல்லப்பா இளையோர்க்கென எழுதினார் அல்லர். எனினும் இளையோர்க்கு உரியதாய் இது அமைந்தது. வகுப்பில் இதனைப் பயிற்றும் ஆசிரியர் காளையின் வகையைக் கேட்பதோடு நில்லாது, பிச்சி தன் பெயரை ஏன் சொல்லவில்லை என்றும் கேட்பாராக. விடை கூறாது அமர்ந்திருக்கும் மாணவர் ஒருவர் அவ்வகுப்பில் இருத்தல் கூடும்.